குடை போர்டின் இரண்டாவது நீலம்

‘1988 டிசம்பர் 3. மாலை 6.40. குடை: நீலம் இரண்டாவது வரிசை எரியவில்லை. மற்றவை சரி. அவர் மூன்றும் சொன்னார்.’

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு மேலே ரேஷன் கடையில் பாமாயில் வந்ததைப் பற்றி ஒரு வரி, கீழே மகனுக்குக் கடிதம் போட்டதாக ஒரு வரி. அவன் அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நான் பல்லாவரத்தில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதும் வேலையில் இருந்தேன். பிறந்த தேதியில் ஒரு எண் பிசகினால் பின்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே பிசகும் என்பதைத் தினமும் பார்க்கிற வேலை. எதையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் அங்கிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது.

குடை என்று எழுதியிருப்பது, தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்ற நியான் விளம்பரத்தை. ஒரு குடைக் கம்பெனியினுடையது. கண்ணாடிக் குழாய்களை வளைத்துச் செய்த படம். முதலில் மழை பெய்யும்: நீலத் துளிகள் மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பிறகு சிவப்புக் குடை பாதி விரியும், அடுத்து முழுதாக விரியும். கடைசியில் கம்பெனியின் பெயர் பச்சையில் வரும். ஒரு மூச்சு விடும் நேரம் எல்லாம் இருண்டு, திரும்பவும் முதல் துளி. நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு சுற்றுக்கு எட்டு விநாடி. துளிகள் விழுவது, குடை விரிவது எல்லாமே கண்ணை ஏமாற்றும் வேலைதான். உண்மையில் எதுவும் அசைவதில்லை. அசையாமல் நிற்கும் குழாய்கள் முறை வைத்து எரிந்து அணையும், அவ்வளவுதான்.

அது எந்த ஆண்டு வைக்கப்பட்டது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் குறிப்புகளில் அது முதலில் வருவது 1981 ஜூலையில். ஆனால் அந்தக் குறிப்பே ‘குடை போர்டு அருகே பஸ் பிரேக்டவுன்’ என்றுதான் இருக்கிறது. அதாவது, அதற்கு முன்பே அது ஊருக்குப் பழகிய அடையாளமாகிவிட்டது. பம்மலுக்கும் முடிச்சூருக்கும் போகிறவர்கள் அங்கேதான் இறங்கி மாறுவார்கள். கண்டக்டர்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். “குடைல்லாம் எறங்கு!” என்று கத்துவார்கள். ஒருமுறை கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் கையிலிருந்த குடையைத் தூக்கிக் காட்டி, “நானும் எறங்கணுமா, இது மட்டும் எறங்கினா போதுமா?” என்று கேட்டார். கண்டக்டர் சளைக்காமல், “ரெண்டும் எறங்கட்டும் பெருசு, அது லக்கேஜ் டிக்கெட் வாங்கல” என்றார். பஸ்ஸே சிரித்தது.

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்தில். மாடியில் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடிக்குப் போனால் ரயில் பாதைகளின் வலையும், அதற்கு அப்பால் நேர் மேற்கில் குடையும் தெரியும். இடையில் உயரமான கட்டடம் எதுவும் அப்போது கிடையாது.

என் கணவர் பீச்–தாம்பரம் மின்சார ரயிலின் மோட்டார்மேன். அதற்கு முன் பல வருடங்கள் நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகவும் பிறகு டிரைவராகவும் இருந்தவர். இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்கள். எதிரே சிக்னல் தெரிந்தவுடன் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை. மின்சார ரயிலில் முன்னால் மோட்டார்மேன் தனியாள், கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும், இவர் கையை நீட்டி நிறத்தை உரக்கச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

காலை டியூட்டி இருக்கும் நாட்களில் மாலையில் வீட்டில் இருப்பார். காபி டம்ளருடன் மாடிக்குப் போவோம். விளக்கு எரிய ஆரம்பித்ததும் கையை நீட்டிச் சொல்வார்.

“ப்ளூ ஒண்ணு. ப்ளூ ரெண்டு. ப்ளூ மூணு. ரெட் ஆஃப். ரெட் ஃபுல். க்ரீன்.”

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், “ஃபயர்மேன் தூங்கறாரு, ரிப்போர்ட் எழுதணும்” என்பார். கல்யாணமான புதிதில் வேறொரு ஊரில் தண்டவாளத்தின் ஓரம் நின்று, உண்மையான சிக்னல்களைப் பார்த்து இதைச் செய்திருக்கிறோம். தாம்பரத்துக்கு வந்தபின் குடை. ஒரு சுற்று சொல்லிவிட்டு மற்ற பேச்சுகளுக்குப் போய்விடுவோம். ஏழெட்டு வருடம் இது நடந்தது.

டிசம்பர் 3 அன்று அவர் சொன்னார், நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். நடு வரிசை இருட்டாக இருந்தது. முதல் நீலம் எரிந்து அணைந்தது, ஒரு விநாடிக்கு மேல் ஒன்றுமில்லை, பிறகு மூன்றாவது நீலம். மறுபடி பார்த்தேன். அதேதான். அவர் அதற்குள் மகனின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். நானும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டேன்.

4ஆம் தேதி மாலையும் சொன்னார். 5ஆம் தேதி அவருக்கு மாலை டியூட்டி. 6ஆம் தேதி நான் குடையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ப்ளூ ரெண்டு” என்று வந்தபோது குரலில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. பார்த்துச் சொல்கிறவரின் குரல் அது.

ஒருவேளை அந்த வரிசை மங்கலாக எரிகிறதோ, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி. 7ஆம் தேதி, புதன்கிழமை, பள்ளியிலிருந்து வரும் வழியில் மேற்குப் பக்கம் இறங்கி, அந்தக் கட்டடத்தின் கீழே இருந்த குடைக் கடைக்குப் போனேன். மாலையில் மேலே ஏறி விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அங்கே குடை ரிப்பேர் செய்பவரின் பொறுப்பு. கம்பி ஒன்றைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னாக்கா, மய நின்னப்புறம் கொட வாங்க வந்துகிற?”

“குடை வேணாம்பா. மேல போர்டுல நடு வரிசை எரியுதா இல்லையான்னு கேக்க வந்தேன்.”

கம்பியை வாயிலிருந்து எடுத்தார். “அட! மொதலாளியே இன்னும் பாக்கல. நீ பாத்துகினியா?”

“மங்கலா எரியுதா, சுத்தமா எரியலையா?”

“மங்கலாவா? கண்ணாடிக் கொயாயே இல்லக்கா, அப்பறம் எங்க எரியறது? எங்கேர்ந்தோ ஒரு தகரம் காத்துல பறந்து வந்து அட்ச்சுது. நடு வரிசை தூள். மோட்டாரு பாட்டுக்குச் சுத்திகினு கீது. அது மொறைக்கி ரெண்டாவதுக்கு கரண்ட்டு குடுக்குது, வாங்கிக்க ஆளு இல்ல. அதான் அந்த நேரத்துக்கு இருட்டு.”

“எந்த நாள் உடைஞ்சது?”

“போன மாசம். பேய்க்காத்து அட்ச்சுதே, அன்னிக்கி. இருவத்தாறோ, இருவத்தேயோ.”

“இருபத்தாறா, இருபத்தேழா?”

“யக்கா, போலீஸ் டிபாட்மெண்டா நீ?” என்று சிரித்தார். “மெட்ராஸ்ல ஒருத்தர்தான் இத்த வளைக்கிறவரு. பொங்கலுக்குள்ள மாட்டிடலாம். பேஜார் பண்ணாத போ.”

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். நவம்பர் 26 மழை, வெளியே போகவில்லை. 28, 29, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் மாலையில் மாடிக்குப் போனதாக இருந்தது. அந்த மூன்று மாலைகளிலும் நானும் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். “ப்ளூ ரெண்டு” என்று, இல்லாத ஒன்றைப் பார்த்து. கண் நன்றாக இருந்த நானும் பார்க்காமலேதான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதி வைப்பவள் என்ற என் கர்வத்தில் அன்று ஒரு பெரிய துண்டு உதிர்ந்தது. ஆனால் நான் மூன்றாம் தேதி கண்டுகொண்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த வித்தியாசத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நான் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிறவள். அவர் பின்னால் ஒன்பது பெட்டி ஜனங்கள் நின்றுகொண்டு வருகிறார்கள்.

அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது சொன்னேன்.

“ஏங்க, குடையில நடு வரிசை உடைஞ்சு பத்து நாளாச்சு.”

“அப்படியா?” என்று ரசம் சாதத்தைப் பிசைந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நின்றது.

“தினம் மூணும் சொல்றீங்க.”

“பழக்கம்மா. வாய் பாட்டுக்குச் சொல்லுது.”

“வாய் சொல்றது சரி. கண்ணு என்ன சொல்லுது?”

“வந்துட்டாங்க ரெஜிஸ்ட்ரார் அம்மா. கடைக்குப் போய் விசாரிச்சியா?”

“விசாரிச்சேன்.”

“தேதியோட?”

“இருபத்தாறு இல்ல இருபத்தேழு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “நீலம்தான் கொஞ்ச நாளா ஒரே புகையா இருக்கு. மூணும் ஒண்ணாத் தெரியுது. சிவப்பு, பச்சை எல்லாம் பளிச்சுன்னுதான் இருக்கு. சிக்னல்ல நீலம் கிடையாதேம்மா.”

அவருக்குச் சர்க்கரை இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். வருகிற 21ஆம் தேதி அவருக்கு ரயில்வே மருத்துவமனையில் முறைப்படியான பரிசோதனை. ஓட்டுகிறவர்களுக்குக் கண்தான் முதல் கேள்வி. அதில் தவறினால் ரயிலை விட்டு இறக்கிவிடுவார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தையும் மேசையில் உட்கார்ந்து கழிக்க முடியாதவர் அவர். வீட்டு நாற்காலியில்கூடச் சன்னல் பக்கம் திரும்பித்தான் உட்காருவார்.

“சோதனைக்கு முன்னாடி நாமே ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டலாமே” என்றேன்.

“காட்டினா எழுதுவாங்க. எழுதினா போச்சு.” குரலைத் தாழ்த்தினார். “நீ பயப்படாதே. தாம்பரத்திலேர்ந்து பீச் வரைக்கும் எந்த சிக்னல் எந்த வளைவுல நிக்குது, எந்த மரத்துக்குப் பக்கத்துல நிக்குது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.”

“அதுதாங்க எனக்குப் பயமே.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினார். அதை அதற்கு முன் அவர் செய்ததில்லை.

மறுநாள் காலை 7.50 வண்டி அவருடையது. நான் வேலைக்குப் போவதும் அதில்தான். வழக்கமாகப் பெண்கள் பெட்டியில் ஏறி, சன்னலோரம் கிடைத்தால் நூலகப் புத்தகத்தை விரிப்பேன். அன்று புத்தகத்தை எடுக்கவில்லை. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்: எனக்கு மூன்று ஸ்டேஷன்தான். பக்கத்தில் ஒருத்தி பூ கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரு ரெக்கார்டு நோட்டை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். குரோம்பேட்டைக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்து நின்றது. சிக்னல் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். நின்றது என்பதில் எனக்கு வந்த நிம்மதி எனக்கே அவமானமாக இருந்தது. அவர் ஓட்டும் வண்டியில் நான் அப்படி உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் முறை. பல்லாவரத்தில் இறங்கி முன்பக்கம் பார்த்தேன். அவர் தலையை வெளியே நீட்டி கார்டின் கொடிக்காகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடம் அவருக்கு நேர் எதிரே, நான்கு பெட்டித் தூரம். கையை உயர்த்தினேன். பார்வை என்னைத் தாண்டிப் போனது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் யோசித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, அவர் தூங்கிய மத்தியானத்தில் ரயில்வே மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயரும் ஊழியர் எண்ணும் போட்டு, குடையைப் பற்றி எதுவும் சொல்லாமல், கண்ணை உடனே பரிசோதிக்கும்படி வேண்டி ஆறு வரி. கையெழுத்துப் போட்டேன். தேதி போடவில்லை. என் கையால் எழுதிய காகிதங்களில் தேதி இல்லாதது அது ஒன்றுதான். திங்கள் மாலைக்குள் அவராகவே ஏதாவது சொல்ல வேண்டும், இல்லையென்றால் செவ்வாய்க் காலை தபாலில் சேர்த்துவிடுவது என்று எனக்குள் கெடு வைத்துக்கொண்டு, அதைக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். குறிப்பேடு எப்போதும்போல அலமாரியின் மேல் தட்டில் திறந்த இடத்தில் இருந்தது. அவர் அதைப் படிப்பதில்லை. படிக்கக்கூடாது என்று நான் சொன்னதும் இல்லை.

அவருக்குத் துரோகம் செய்கிறேனா, செய்யாமல் இருப்பது துரோகமா என்பதைப் பற்றி அன்று நிறைய எழுதினேன். இப்போது எடுத்துப் படித்தால் அதில் ஒரு வரியும் உதவவில்லை. உதவியது கெடு மட்டும்தான்.

டிசம்பர் 12, திங்கள். வழக்கம்போல விடிவதற்குள் சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பிப் போனார். அன்று நான் போன வண்டியை வேறு யாரோ ஓட்டினார்கள். டியூட்டி மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாலை நான் வீடு திரும்பியபோது, சீருடையைக் களைந்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டப்பா திறக்கப்படவே இல்லை.

“டாக்டர் பிடிச்சிட்டாரும்மா” என்றார்.

“இன்னிக்கா? இருபத்தொண்ணுன்னு சொன்னீங்களே.”

“முன்னாடியே கூப்பிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ரெண்டு கண்ணுலயும் புரை. சர்க்கரையால. வண்டிய விட்டு எறங்குன்னு எழுதிட்டாங்க.” பிறகு, “உனக்கு இப்ப நிம்மதியா?” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். மாடிக்குப் போகவில்லை.

அவர் தூங்கியபின் குறிப்பேட்டைத் திறந்தேன். கடிதம் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதைக் கிழிக்கவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே எழுத முடிகிறது. அவருக்கு ஸ்டேஷனிலேயே ஒரு அறையில், மற்ற ஓட்டுநர்களுக்கு டியூட்டி எழுதிக் கொடுக்கும் வேலை தந்தார்கள். 1989இல் ஒரு கண்ணிலும் மறு வருடம் மற்றதிலும் அறுவை நடந்தது. தடித்த கண்ணாடியுடன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் வண்டி ஓட்டும் வேலைக்குத் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த அறையில் இருந்தார். ஒருமுறைகூட அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. பயணியாகப் போகும்போதும் முதல் பெட்டியில் ஏறமாட்டார். நடுவில் எங்காவது ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

குடையின் நடு வரிசை 1989 ஜனவரி 19 அன்று மறுபடி எரிந்தது. புதுக் குழாயின் நீலம் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். “ம், நல்லா பண்ணிருக்காங்க” என்றார். கையை நீட்டவில்லை. அதன்பின் எப்போதும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. துணி எடுக்கப் போகும் மாலைகளில் தனியாக ஒரு சுற்று, மனத்துக்குள், பார்த்துப் பார்த்துச் சொல்வேன்.

1996இல் அதை இறக்கினார்கள். என் குறிப்பு: ‘மார்ச் 14. குடைச் சட்டம் மட்டும் நிற்கிறது, குழாய்கள் இல்லை.’ ஏப்ரலில் சட்டமும் போய், அச்சடித்த பெரிய துணி ஒன்று வந்தது. அதிலும் குடைதான், விரிந்தபடியே இருக்கும் குடை. கண்டக்டர்கள் இன்னும் சில வருடங்கள் “குடை எறங்கு” என்று கத்தினார்கள். துணியும் மாறியபின் நின்றுவிட்டது.

அவர் 1999இல் இறந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் அவரோடு வேலை பார்த்த ஒரு மோட்டார்மேனும் இருந்தார். போகும்போது வாசலில் நின்று, “ஒரு விஷயம் அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று ஆரம்பித்தார். “அன்னிக்கு வண்டி எடுக்க வந்த மனுஷன், சாவியைக் கையில வாங்கினார். வாங்கிட்டு, மேசை மேல திருப்பி வச்சிட்டாரு. ‘கண்ணு சரியில்லப்பா, எனக்கு இன்னிக்கு வண்டி வேணாம், ஆஸ்பத்திரிக்கு மெமோ எழுதிக் குடு’ன்னாரு. நாங்க எல்லாம் சொன்னோம், இன்னும் பத்து நாள் இருக்கே சார், ஏன் அவசரப்படறீங்கன்னு. கேக்கல.”

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

பிறகு அவருடைய காகிதங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். வேலை மாற்றத்துக்கான உத்தரவின் நகல் இருக்கிறது. ‘மருத்துவப் பரிசோதனையின் அடிப்படையில்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படும் மெமோ கிடைக்கவில்லை. அலுவலகத்தில் விசாரித்தேன், அந்த வருடத்துப் பழைய தாள்களைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மெமோவை எழுதிக் கொடுத்தவர் யார் என்பது அந்த மோட்டார்மேனுக்கு நினைவில்லை. நாள் டிசம்பர் 12தானா என்று கேட்டேன். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, அது நிச்சயம்” என்றார்.

ஆகவே என்னிடம் இருப்பவை இரண்டு சாட்சியங்கள். ஒன்று, டாக்டர் பிடித்துவிட்டார் என்று அவரே என்னிடம் சொன்னது. அதைச் சொன்ன நாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மற்றது, அவரே சாவியைத் திருப்பி வைத்தார் என்று பத்து வருடம் கழித்து, துக்க வீட்டில், ஒரு நண்பர் நினைவிலிருந்து சொன்னது. பதிவேட்டு வழக்கப்படி முதலாவதற்குத்தான் எடை அதிகம். நான் இரண்டாவதை நம்புகிறேன். ஆனால் அது சரிபார்க்கப்படவில்லை.